இன்னும் ஒரு கால் சுற்று

என் மச்சினன் பத்து நாளாக என்னோடு பேசவில்லை. போனை நான் எடுத்தால், "அக்கா இருக்காளா?" என்கிறான். இருக்கிறாள் என்றால், "குடுங்க" என்கிறான். வழக்கமாக நடுவில் ஒரு "மாமா" வரும். அதைக் காணோம்.

அவனுக்கு நான் செய்த தீங்கு இவ்வளவுதான். 9 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தேக்குத் துண்டை டிரம் சாண்டருக்குள் விட்டேன். அது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது, புறப்பட்டதைவிடப் பல மடங்கு வேகத்தில். நான் விவரம் தெரிந்தவன். மிஷினுக்கு ஓரமாக நின்றிருந்தேன். அவன் கையில் டவரா டம்ளரோடு நேர் எதிரே நின்று, "இதுக்கு கரண்ட் பில் எவ்வளவு மாமா வருது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

டம்ளர் எகிறியது. காபி வெள்ளைச் சட்டையில். துண்டைக் காணோம். கார் ஷெட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வாழைக்குக் கீழே என்று முக்கால் மணி நேரம் தேடினேன். "அவனுக்கு அடிபட்டுதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறாள் என் மனைவி, இன்றுவரை. கேட்டேன். தேடி முடித்துவிட்டுக் கேட்டேன்.

சின்னத் துண்டுகளை இந்த மிஷினில் யார் சட்டைக்கும் சேதமில்லாமல் விடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆறு வருஷம் பட்டுத் தேறி நானே கண்டது. அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால், நான் ஏன் அந்தத் துண்டை உள்ளே விட்டேன் என்பதைச் சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பெங்களூரில் இருக்கும் மகள் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறாள். "அப்பா, மரத்துல ஒரு அஞ்சறைப் பெட்டி பண்ணிக் குடுப்பா, பாட்டி வெச்சிருந்தாங்களே அந்த மாதிரி" என்றாள். பாட்டியின் அஞ்சறைப் பெட்டி என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. எவர்சில்வர் வந்த வருஷம் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு தூக்குவாளி வாங்கினார்கள். வாங்கியதும் பாட்டிதான். அதைச் சொல்லி ஒரு குழந்தையின் மனதைக் கெடுப்பானேன்? சரி என்றேன். ஐந்து அறைக்கு நாலு தடுப்பு. நாலே நாலு.

மிஷினைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. மேலே உப்புத்தாள் சுற்றிய உருளை. கீழே ஒரு கன்வேயர் பெல்ட், வயதானவர்கள் பிராகாரம் சுற்றுகிற வேகத்தில் பலகையைச் சுமந்துகொண்டு போகும். உருளை சுழல்வது பலகை வருகிற திசைக்கு எதிராக. போ என்கிறது பெல்ட், வராதே என்கிறது உருளை. இந்தச் சண்டையில் பலகை பின்வாங்காமல் இருக்க, உருளைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்பிரிங் வைத்த இரண்டு ரோலர்கள் அமுக்கிப் பிடிக்கும். முன்னது விடுவதற்குள் பின்னது பிடித்துக்கொள்ள வேண்டும். என் மிஷினில் இரண்டுக்கும் நடுவே ஐந்தரை அங்குலம். என் துண்டு மூன்றரை அங்குலம். ஆக, முன் ரோலர் கைவிட்ட பிறகு, பின் ரோலர் கைகொடுப்பதற்கு முன்னால், இரண்டு அங்குல தூரத்துக்கு அந்தத் துண்டுக்கு உலகத்தில் நாதியில்லை. நான் ரிட்டயர் ஆனதற்கும் பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்ததற்கும் நடுவே இருந்த மாதிரி.

இந்த நீளத்துக்குக் குறைந்ததை உள்ளே விடாதே என்று மிஷினோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில். நான் படிக்க ஆரம்பித்தது ஏழாம் பக்கத்திலிருந்து. அங்கேதான் படம் தொடங்குகிறது.

16 அங்குல உருளை, ஒன்றரை குதிரைத் திறன் மோட்டார். கதவுப் பலகை, மேஜைப் பலகை தேய்ப்பதற்காகப் பிறந்த மிஷின். அதில் கடுகுக்கும் உளுத்தம்பருப்புக்கும் நடுவே நிற்கப்போகிற தடுப்பை விடுவது, கல்யாண மண்டபத்து அண்டாவில் ஒரே ஒரு முட்டையை வேகவைப்பது மாதிரி. தெரியும். ஆனால் வாங்கியாகிவிட்டதே. ஒரு ஸ்கூட்டர் வாங்குகிற காசைக் கொட்டி இறக்கி வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து கையால் தேய்த்துக்கொண்டிருந்தால், ஜன்னல் வழியாகப் பார்க்கிறவள் என்ன சொல்வாள்?

சரி, கைப்பிடிக்கு வருகிறேன். உருளையை ஏற்றி இறக்க மேலே இருக்கிற கைப்பிடி. ஒரு முழுச் சுற்றுக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.6 மில்லிமீட்டர் இறங்கும். கால் சுற்றுக்கு 0.4. 80 நம்பர் தாளுக்குக் கால் சுற்று, 120-க்கு அதில் பாதி. இதற்குமேல் ஆசைப்பட்டால் மோட்டார் முனகும், மரம் கருகும். துண்டு வெளியே வருகிறது. கட்டைவிரலால் தடவுகிறீர்கள். வழவழவென்று இருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். நீங்களும் விடமாட்டீர்கள், நானும் விடவில்லை. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஒரு கோடு. இல்லாத கோடுதான், ஆனாலும் தெரிகிறது. இன்னும் ஒரே ஒரு கால் சுற்று. இப்போது கோடு போய், முனையில் லேசாக ஒரு பள்ளம். துண்டின் தலையும் வாலும் உருளைக்கடியில் வரும்போது ஒரு ரோலர் பிடிதான் இருக்கும், அதனால் முனை கொஞ்சம் கூடுதலாகத் தேயும். ஆறடிப் பலகையில் முனையை அறுத்து எறிந்துவிடலாம். மூன்றரை அங்குலத் துண்டில் முனைகளைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இன்னும் ஒரு கால் சுற்று.

மூன்றரை அங்குலமாக ஏன் அறுத்தாய், நீளப் பலகையாக இருக்கும்போதே தேய்த்துவிட்டு அப்புறம் நாலாக அறுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் தெருமுனை ஆசாரியும் இதையேதான் கேட்டார். "நீளமா இருக்கும்போதே தேச்சிருக்கலாமே சார்?"

நீளமாக இருந்தால்தானே.

மரம் எங்கள் ஊர் வீட்டு மரம். குளித்தலைப் பக்கம், காவிரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டை இடித்தபோது வாசல் நிலை மூத்தவருக்கு என்றார்கள். அது முறை, நான் ஒன்றும் சொல்லவில்லை. உத்திரமும் சட்டமும் நடு அண்ணன் கட்டுகிற வீட்டுக்கு என்றார்கள். தூண்கள் காரைக்குடிக்கு லாரி ஏறின. இந்நேரம் ஏதாவது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில், மேலே எதையும் தாங்காமல், சும்மா நின்றுகொண்டிருக்கும். எனக்கு வந்தது திண்ணைப் பக்கத்து ஜன்னலின் இரண்டு சட்டம். "நீதான் மரவேலை எல்லாம் பண்ணுறியே, உனக்கு உபயோகப்படும்" என்று என்னவோ எனக்குச் சலுகை காட்டுகிற மாதிரி. சட்டத்தில் கம்பி நுழைந்த ஓட்டைகள் நாலு அங்குலத்துக்கு ஒன்று. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே கிடைக்கிற நல்ல மரம் எவ்வளவு? மூன்றரை அங்குலம். பாகப்பிரிவினையில் நிர்ணயமான அளவு அது. நான் தேர்ந்தெடுத்ததில்லை.

அதிலும் ஆணி. தாத்தா காலண்டருக்கு அடித்தது, அத்தை கொசுவலைக்கு அடித்தது, எதற்கு என்றே தெரியாமல் பெரியப்பா அடித்தது. காந்தத்தை வைத்துத் தடவித் தடவி எடுத்தேன். ஒரு ஆணித் தலை உள்ளே தங்கிவிட்டாலும் போதும், உருளையில் சுற்றியிருக்கிற தாள் நீளவாட்டில் கிழிந்து கொடி மாதிரி பறக்கும். பழைய தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு. அது தாளில் அடைத்துக்கொண்டு கருகி, அடுத்து விடுகிற ஒவ்வொரு துண்டிலும் ஒரே இடத்தில் ஒரு கறுப்புக் கோடு போடும். அடைப்பைச் சுத்தம் செய்ய கிரேப் ரப்பர் அடிப்பாகம் உள்ள பழைய செருப்பு அருமையான சாமான். ஓடுகிற தாளில் பிடித்தால் பிசினை அப்படியே வாரி எடுத்துவிடும். என் மனைவி அதைப் "பழைய" செருப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மச்சினன் சம்பவத்துக்குப் பிறகு, துண்டைத் தனியாக விடக்கூடாது, ஒரு நீளப் பலகையின் மேல் ஒட்டி, பலகையோடு சேர்த்து விட வேண்டும் என்று முடிவு செய்தேன். பலகை நீளம் என்பதால் ரோலர்கள் பிடித்துக்கொள்ளும். துண்டு பலகையைப் பிடித்துக்கொள்ளும். எதனால் ஒட்டுவது? டபுள் சைடு டேப்.

டபுள் சைடு டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

இது நம் குடும்பங்களில் எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிற அந்த ஒரு மாமா. பெண் வீட்டுக்கும் வேண்டியவர், பிள்ளை வீட்டுக்கும் வேண்டியவர். இரண்டு பக்கமும் ஒட்டுவார். ஒட்ட வேண்டிய நேரத்தில் இரண்டு பக்கமும் ஒட்டமாட்டார். பிரிய வேண்டிய நேரத்தில் இரண்டு பக்கமும் விடமாட்டார்.

முதலில் அதன் மேல்தாளை உரிக்க வேண்டும். டேப்பின் மேல் வழுவழுப்பான தாள் ஒன்று இருக்கும், அதை நகத்தால் நெம்பினால் வரும் என்பது ஐதீகம். யார் நகத்தால்? மர வேலை செய்கிறவனுக்கு நகம் ஏது? மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஓரத்தை விளக்குக்கு நேரே பிடித்து, இடது கட்டைவிரலால் ஒரு தடவை, வலது கட்டைவிரலால் ஒரு தடவை. தாள் இரண்டாகப் பிளந்து மேல்பாதி மட்டும் வருகிறது. மறுமுனையிலிருந்து. அங்கே டேப்பே பலகையிலிருந்து எழுந்து வருகிறது. தாளும் டேப்பும் பிரியமாட்டோம் என்று சேர்ந்தே வந்து, காற்றில் ஒரு சுருள் சுருண்டு, தன்மேல் தானே ஒட்டிக்கொள்கிறது. தன்னோடு தான் ஒட்டும்போது மட்டும் அதன் பிடி இருக்கிறதே, அதற்கு உலகத்தில் ஈடில்லை. பிய்த்து எறிகிறேன். எறிய முடியவில்லை, விரலில் இருக்கிறது. மற்ற விரலால் எடுக்கிறேன். அந்த விரலில் இருக்கிறது. சட்டையில் துடைக்கிறேன். சாப்பிட உட்காரும்போது, "முதுகுல என்ன?" என்கிறாள்.

கடையில் மூன்று வகை உண்டு. பிள்ளைகள் ஸ்கூல் பிராஜெக்டுக்கு ஒட்டுகிற மெல்லிய வகை. இதில் தூசி பட்டால் ஒட்டாது. என் ஷெட்டில் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாவது, கார்க்காரர்கள் வைத்திருக்கும் பஞ்சு வைத்த வகை. யானையைக்கூடச் சுவரில் ஒட்டிவிடலாம் என்றான் கடைக்காரப் பையன். ஒட்டலாம், ஆனால் நடுவில் பஞ்சு இருப்பதால் யானை ஆடும். என் துண்டும் ஆடியது. உருளைக்கடியில் ஒரு பக்கம் அமுங்கி, மறுபக்கம் எழுந்து, வெளியே வரும்போது ஆப்பு மாதிரி ஒரு ஓரம் ஆறு, மறு ஓரம் ஐந்து. மூன்றாவது, துணி வைத்த தரைவிரிப்பு டேப். அதுதான் சரியான சாமான் என்கிறார்கள். சரியான சாமான்தான். நான்கு துண்டையும் ஒட்டினேன், விட்டேன், வந்தன, ஒரே சீராக. மேல் பக்கம் கண்ணாடி. எனக்கே கண்ணில் நீர் வந்தது.

எடுக்கப் போனேன். வரவில்லை. தட்டினேன். வரவில்லை. பட்டை உளியை நுழைத்து நெம்பினேன், மெதுவாக, பிரசவம் பார்க்கிற மாதிரி. வந்தது. அடிப்பக்கத்தில் பாதி டேப்பும், டேப்பின் பாதிப் பசையும். மண்ணெண்ணெய் போடு என்றார் ஒருவர். ரேஷனில் மண்ணெண்ணெய் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? தேங்காய் எண்ணெய் போட்டேன். பசை போயிற்று. எண்ணெய் மரத்துக்குள் இறங்கிவிட்டது. எண்ணெய் இறங்கின மரத்தில் பாலிஷ் பிடிக்காது. என்ன செய்ய வேண்டும்? அந்தப் பக்கத்தைத் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்குத் துண்டைப் புரட்டிப் போட்டு, கண்ணாடி மாதிரி இருக்கிறதே அந்த மேல்பக்கத்தைப் பலகையில் ஒட்ட வேண்டும். எதனால்? விட்டேன். இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் பசை. எண்ணெய் வேண்டாம், நேராகத் தேய்த்துவிடலாம் என்று மறுபடியும் புரட்டினேன். அந்தப் பக்கம் கண்ணாடி, இந்தப் பக்கம் பசை. ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு கால் சுற்று. சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஒரு விஷயம் என் புத்தியில் மெதுவாக உறைத்தது. இந்த முறையில் ஒரு மரத்துண்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுத்தமாக இருக்கவே வழியில்லை. அந்த மாமா யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்.

இந்த இடத்தில் ஆசாரி மறுபடியும் எட்டிப்பார்த்தார். அவர் வருகிற நேரம் எப்போதும் இப்படித்தான். ஒன்றும் பேசாமல் ஒரு துண்டை எடுத்து, 120 நம்பர் தாளை மேஜைமேல் விரித்து, இடது கையால் தாளை அமுக்கிக்கொண்டு, வலது கையால் துண்டைத் தாளின்மேல் தேய்த்தார். தாளைத் துண்டின்மேல் அல்ல, துண்டைத் தாளின்மேல். நரம்போட்டத்தோடு இருபது இழுப்பு. தாளை மாற்றி 220-இல் இருபது. நான் மோட்டாருக்கு ஸ்விட்ச் போட்டு, தூசி உறிஞ்சிக்கு ஸ்விட்ச் போட்டு, முகமூடியைத் தேடுகிற நேரம்கூட ஆகவில்லை. "இதுக்கு எதுக்கு சார் மிஷினு?" என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொல்லாமல் டீ கேட்டார்.

முகமூடி என்றதும் ஞாபகம் வருகிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே சேர்த்துவிட்டதாம். டிரம் சாண்டர் தூள் இழைப்புளிச் சீவல் மாதிரி காலடியில் விழுந்து கிடக்காது, மாவாக மிதக்கும். மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அஞ்சறைப் பெட்டி கேட்ட அதே வாரம்.

மிஷினும் தாளும் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று ஒரு யோசனை. ஊருக்குப் பஸ்ஸில் போகிற வழியில் திருப்பராய்த்துறை வரும். கோயிலின் தலமரம் பராய். ஊர்ப் பெயரே அந்த மரத்தால் வந்தது. அதன் இலை பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதை வைத்துத்தான் மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகு ஏற்றியிருக்கிறார்கள். பறித்தால் முடிந்தது. நம்பர் கிடையாது, கிளிப் கிடையாது, உருளையின் உள்பக்க ஓரத்தில் ஒரு விரல்கூட நுழையாத சந்தில் தாளின் நுனியைச் சொருக வேண்டிய அவசியம் கிடையாது. (அந்த உள்பக்கக் கிளிப்பை வடிவமைத்தவர் யாரோ, அவருக்குக் கை இருந்திருக்காது என்பது என் முடிவு.) இலையின் ஒரே குறை, அதை வாங்கினேன் என்று யாரிடமும் பெருமையடித்துக்கொள்ள முடியாது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். காணாமல் போன துண்டுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று அறுத்திருந்தேன். அதையும் சேர்த்து நாலு துண்டும் புரட்டிப் புரட்டித் தேய்ந்து, சரியாக 4 மில்லிமீட்டரில் வந்து நின்றன. 6 என்று தொடங்கியது 4. போகட்டும், நாலும் ஒரே அளவாக இருக்கின்றனவே என்று, பெட்டியின் சுவரில் 4 மில்லிமீட்டருக்குக் காடி எடுத்தேன். நன்றாக வந்தது. மூன்று தடுப்பு சொருகினேன். நாலாவது, அந்தப் புதுத் துண்டு, இன்னும் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உளியை நுழைத்தேன். 4 மில்லிமீட்டர் தேக்குக்கு எவ்வளவு பொறுமை இருக்கும்? நரம்போட்டத்தோடு இரண்டாகப் பிளந்தது. பாதி என் கையில், பாதி மாமாவிடம்.

சட்டத்தில் மிச்சம் மரம் இல்லை. மிச்சமெல்லாம் ஓட்டை. அண்ணனுக்குப் போன் செய்து, உங்கள் உத்திரத்தில் ஒரு சாண் வெட்டித் தரமுடியுமா என்று கேட்கலாம். கேட்கமாட்டேன். கடையில் வேறு தேக்கு வாங்கலாம். அது அந்த வீட்டு மரம் ஆகாது. மகளிடம், "நாலறைப் பெட்டி போதாதா? கடுகும் உளுத்தம்பருப்பும் எப்படியும் ஒண்ணாத்தானே தாளிக்கிறோம்?" என்று கேட்டுப் பார்த்தேன். அவள் பாட்டியின் பேத்தி. பதிலே சொல்லவில்லை.

அந்த ஆபத்தில்லாத வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதற்கு முதலில் உங்களிடம் ஒரே கனத்தில் இரண்டு நீளக் கட்டைகள் இருக்க வேண்டும். அவற்றை...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். மச்சினன். உள்ளே வந்தவன் அக்காவைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "மாமா" என்றான். பத்து நாளில் முதல் மாமா. கையில் இருந்ததை மேஜைமேல் வைத்தான்.

அவன் ஹெல்மெட் போடுகிற ரகமில்லை. வண்டிக் கொக்கியில் வாய் மேலே பார்க்க மாட்டியிருக்கும், அவ்வளவுதான். நேற்று தலைமைத் தபால் நிலையம் சிக்னலில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. இதோ இருக்குது சார் என்று அவசரமாக எடுத்துக் கவிழ்த்திருக்கிறான். உச்சந்தலையில் ஏதோ குத்தியிருக்கிறது. "ஹெல்மெட்டுக்குள்ள எதுக்குய்யா கட்டை?" என்று கேட்டாராம். இவனால் பதில் சொல்ல முடியவில்லை. "எங்க மாமா மரவேலை பண்ணுவாரு சார்" என்றிருக்கிறான். அவர் ஒன்றும் சொல்லாமல் போகவிட்டாராம்.

துண்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு உள்ளே போய் ஒரு நொடியில் திரும்பியதே, அதேதான். தடவினேன். வெளிச்சத்தில் சாய்த்தேன். கோடு இல்லை. முனையில் பள்ளம் இல்லை. பசை இல்லை. நான் செய்ததிலேயே இதுதான் ஆக நல்ல துண்டு. வெர்னியரை எடுத்து வைத்துப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர், அரை இழைகூடக் கூடவோ குறையவோ இல்லை.

காடி 4. ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர் அதிகம். ஐந்து கால் சுற்று.

உள்ளேயிருந்து காபி வந்தது. மச்சினன் டம்ளரை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே ஷெட்டுக்கு வந்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நில்லு" என்றேன்.